எழுபத்து மூன்று சதவீதம்

"அழிச்சிட்டேன்னு சொல்றீங்க. அழிச்சதுக்கு அத்தாட்சி?" என்று விசாரணை அதிகாரி சற்குணம் நாலாவது தடவையாகக் கேட்டார்.

"அழிச்சிட்டா அது இருக்காதே சார். இல்லாததை எப்படிக் காட்டுறது?"

"அப்ப இருக்கறதைக் காட்டுங்க."

இந்த மனுஷனோடு மல்லுக்கட்டி என் தொண்டை வறண்டு போயிருந்தது. தண்ணீர் கேட்கலாம் என்றால் மேஜையில் ஒரே ஒரு பாட்டில், அதுவும் அவர் பக்கத்தில். எனக்குப் பக்கத்து நாற்காலியில் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் மங்கை என்றுதான் கூப்பிடுவோம். காலையிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் சற்குணம் எழுதப்போகும் அறிக்கையில் "மங்கையர்க்கரசி போலித் திரையைப் போட்டுவிட்டு வேலையை விட்டு எழுந்து போனார்" என்று ஒரு வரி இருந்தால் போதும், நாளைக்கே அவளைக் கைது செய்வார்கள். ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார்.

அந்தப் போலித் திரையைச் செய்தவன் நான். அதை யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அது அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. இதைத்தான் மூன்று வாரமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் வேடியப்பன். வான்மருந்து சேவையில் தொழில்நுட்ப உதவியாளர். மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்பது நிலையங்கள். மலைக் கிராமத்து நர்ஸ் தன் கைப்பேசியில் மருந்து கேட்டால், பக்கத்து நிலையத்திலிருந்து ட்ரோன் அதைத் தூக்கிக்கொண்டு பறக்கும். பாம்புக்கடி மருந்துதான் அதிகம் போகும். எல்லாவற்றையும் கணக்குப் போட்டு இயக்குவது 'கண்காணி' என்ற மென்பொருள். ஆனாலும் மருந்து விஷயத்தில் கடைசிப் பொத்தானை ஒரு மனித விரல்தான் அழுத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த விரலுக்குத்தான் சம்பளம். மங்கையின் வேலை அது.

கேட்பதற்குச் சுளுவான வேலை. கேட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். கோரிக்கை வந்த இருபது நொடிக்குள் பொத்தானை அழுத்த வேண்டும். திரைக்கு மேலே ஒரு கேமரா. கண் திரையை விட்டு விலகினால் கவனக்குறைவு என்று ஒரு குறி. எழுந்து போனால் இன்னொரு குறி. மாதத்துக்குப் பத்துக் குறி விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். கண்காணிக்கு மனிதர்கள் பாத்ரூம் போவார்கள் என்ற விஷயத்தை யாரோ சொல்லித்தர மறந்துவிட்டார்கள்.

மங்கை தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். எட்டு மணி நேரம், சொட்டுத் தண்ணீர் இல்லாமல். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தாள். மூன்றாவது தடவை டாக்டர், "இப்படியே போனா கிட்னி போயிடும்மா" என்று சொன்னதை என்னிடம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஏழு கடிதம் எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று ஏழு பதில் வந்தது.

அப்புறம்தான் எனக்கு அந்த ஸ்க்ரீன்சேவர் ஞாபகம் வந்தது.

பாலிடெக்னிக் படிக்கும்போது எங்கள் லேபில் ஒரு விளையாட்டு ஸ்க்ரீன்சேவர் சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் வருகிற நீலத்திரையை அப்படியே நடிக்கும். லேப் உதவியாளர் பதறியடித்து ஓடிவந்து ஒயரைப் பிடுங்கும்வரை நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்போம். மவுஸைத் தொட்டால் போதும், மறைந்துவிடும். கண்காணியின் விதிமுறையில் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் செயலிழந்தால் அது ஊழியரின் தவறு ஆகாது. மறுதொடக்கத்துக்குப் பதினோரு நிமிடம் அனுமதி. அதுவரை கோரிக்கைகள் அடுத்த நிலையத்துக்குப் போகும். பதினோரு நிமிடத்தில் ஒரு பெண் நிதானமாகப் பாத்ரூம் போய், முகம் கழுவி, ஒரு டீயும் குடித்துவிட்டு வரலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கண்காணியும் கம்ப்யூட்டர் செயலிழந்துவிட்டது என்றே நம்பும்படி அதேபோல் ஒன்றைச் செய்து முடித்தேன். பிழை எண் என்று ஏதாவது போட வேண்டுமே என்று எங்கள் அப்பாவின் பழைய மொபட் நம்பரைப் போட்டேன், 4417. சரிசெய்கிறது என்று காட்ட ஒரு சதவீத எண்ணும் வைத்தேன். அதிலும் ஒரு குறும்பு. எண் மெதுவாக ஏறி எழுபத்து மூன்றுக்கு வரும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும், திடீரென்று நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிடும். உண்மையான கம்ப்யூட்டர் எதுவும் அப்படிச் செய்யாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது மங்கை கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"வேடியண்ணா, இது எங்க வீட்டுக்காரர் வேலை தேடுற மாதிரியே இருக்கு" என்றாள்.

ஒரே மாதத்தில் ஒன்பது நிலையத்துக்கும் பரவிவிட்டது. ஒரு நிலையம் ஓய்வெடுத்தால் பக்கத்து நிலையம் பார்த்துக்கொள்ளும். ஒருவர் மாற்றி ஒருவர். யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

"அதைச் சொல்லுங்க" என்றார் சற்குணம். "ஆயுத பூஜையில என்ன நடந்தது? அதுக்கும் மாதப்பன் சாவுக்கும் என்ன சம்பந்தம்? போன தடவையே புரியல."

"சார், ஆயுத பூஜை அன்னிக்கு நாம கருவியைத் தொடுறதில்ல. பட்டறையில சுத்தியலக்கூட எடுக்க மாட்டாங்க. ஆனா கண்காணியை நிறுத்த முடியாது. நிறுத்தினா ஒன்பது பேருக்கும் குறி விழும். அதனால..."

"அதனால?"

"ஒன்பது நிலையத்துலயும் பதினோரு நிமிஷம் முடிஞ்சதும் தானா மறுபடி தொடங்குற மாதிரி வச்சு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் நீலத்திரையை ஓடவிட்டோம் சார். மெஷினுக்கும் ஒரு நாள் ஓய்வுன்னு. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வச்சோம். ட்ரோனுக்கு வாழைக்கன்னு கட்டினோம். பூசணிக்காய் உடைச்சு, பொரிகடலை கொடுத்தோம்."

"நோயாளிங்க கதி?"

"அதுக்குத்தான் நிலையத்துல லேண்ட்லைன் போன் இருந்துச்சு. நர்ஸுங்க எல்லாருக்கும் முன்னாடியே சொல்லி வச்சோம். அன்னிக்கு நாலு கோரிக்கை வந்துச்சு. நாலையும் ஐஸ் பெட்டியில வச்சு பைக்ல கொண்டு போய்க் கொடுத்தோம். நாலு பேரும் பிழைச்சாங்க."

அன்றைக்கு எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? இருட்டுவதற்குள் பைக்கில் மலை ஏறி இறங்கி, தலையெல்லாம் புழுதியோடு வந்து பொரிகடலை தின்றோம். வேலை செய்தது போல் இருந்தது. பொத்தான் அழுத்தியது போல் இல்லை.

பத்து நாள் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வாழ்த்துக் கடிதம். குறிப்பிட்ட அந்த நாளில் எங்கள் மாவட்டத்தில் மறுப்பு பூஜ்யம், தாமதம் பூஜ்யம். மாநிலத்திலேயே முதலிடம். கூடவே இன்னொரு தாளும் வந்தது. லேண்ட்லைன் போன் நடைமுறைக்குப் புறம்பாகப் பயன்படுத்தப்பட்டுள்ளதால் அகற்றப்படும் என்று. மறுநாளே ஆள் வந்து ஒன்பது போனையும் பிடுங்கிக்கொண்டு போனான். வாழ்த்தையும் அதையும் ஒரே உறையில் அனுப்பத் தோன்றிய புத்தியை என்னவென்று சொல்வது.

போன் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கை கொடுக்க வேறு வழி இல்லாதபோது இந்த விளையாட்டு கூடாது என்று பட்டது. இரண்டு நாள் லீவு போட்டு, ஒன்பது நிலையத்துக்கும் நானே போய், என் கையால் அந்த ஸ்க்ரீன்சேவரை அழித்தேன். எல்லாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். மங்கை மட்டும், "சரிண்ணா, தண்ணி குடிக்காம இருந்துக்கறேன்" என்றாள். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது.

அழித்த பதினாறாம் நாள் காலை ஒன்பதேகால் மணி. சின்னக்காரப்பள்ளி என்ற மலைக் கிராமத்தில் கடலைக்கொடி பிடுங்கிக்கொண்டிருந்த மாதப்பனைக் கண்ணாடிவிரியன் கடித்தது. வயது நாற்பத்திரண்டு. கிராம நர்ஸ் செல்வமேரி தன் கைப்பேசியில் மருந்து கேட்டார். அதே நேரம் மங்கையின் திரை நீலமாக மாறியது. மொபட் நம்பரோடு. எழுபத்து மூன்றோடு.

அவள் மவுஸை ஆட்டினாள். போகவில்லை. பின்னறைக்கு ஓடிவந்து, "அண்ணா, திரும்பப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் வேறு நிலையத்துக்குப் போயிருந்தால் அவள் எழுந்து போகவில்லை என்று சொல்லக்கூட ஆள் இருந்திருக்காது. நல்லவேளை, நான் அங்கேயேதான் இருந்தேன். ஓடிவந்து பார்த்தேன். ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன், மறுபடியும் அதே நீலம். பதினோரு நிமிடம் கழித்துத் தானாகச் சரியானது. கோரிக்கை எதுவும் வந்ததாகவே அதில் இல்லை. மத்தியானம் செய்தி வந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது.

"சரி," என்று சற்குணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க அழிச்சிட்டீங்க. வேற யாரும் போடல. பின்ன எப்படி வந்துச்சு?"

"கண்காணி போட்டுச்சு சார்."

"மெஷின் பொய் சொல்லுதுங்கறீங்க."

"பொய்யின்னு அதுக்குத் தெரியாது சார். அதுக்கும் மார்க் உண்டு. மருந்து இல்லன்னு சொன்னா மறுப்புன்னு ஒரு மார்க் குறையும். செயலிழந்தா மார்க் குறையாது. ஆயுத பூஜை அன்னிக்கு நாள் முழுக்க நீலத்திரை ஓடுச்சு, மார்க் நூத்துக்கு நூறு வந்துச்சு. அதுக்கு அவ்வளவுதான் தெரியும். நாங்கதான் சார் சொல்லிக் கொடுத்தோம். தெரியாம சொல்லிக் கொடுத்துட்டோம்."

"மருந்து இல்லன்னு யார் சொன்னது? இருப்புப் பட்டியல்ல பன்னெண்டு குப்பி இருந்திருக்கு."

"நான் மத்தியானம் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன் சார். ஒண்ணும் இல்ல. முந்தின நாளே கண்காணி பன்னெண்டையும் வேற நிலையத்துக்கு மாத்தியிருக்கு. நிலையம் விட்டு நிலையம் மாத்த யாரும் பொத்தான் அழுத்த வேண்டியதில்ல சார்."

"நீங்களே எடுத்து ஒளிச்சு வச்சிருக்கலாமே."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. மங்கை மேஜைக்குக் கீழே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் மட்டும் இழுக்காவிட்டால் என் பெயரும் அந்தக் கைது வரியில் சேர்ந்திருக்கும்.

"சார்," என்று அவள் முதல் தடவையாகப் பேசினாள். "நான் எழுந்து போகல சார். அன்னிக்கு நான் தண்ணியே குடிக்கல. நீங்க கண்காணிகிட்டயே கேளுங்க. அன்னிக்குக் காலையில ஒன்பதேகாலுக்கு எத்தனை குப்பி இருந்துச்சுன்னு அதையே கேளுங்க. மூணு வாரமா அண்ணன் கேக்கச் சொல்றாரு. யாரும் கேக்க மாட்டேங்கறீங்க."

சற்குணம் பெருமூச்சு விட்டார். அந்த அறைச் சுவரிலும் கண்காணியின் திரை ஒன்று இருந்தது. நாங்கள் பேசுவதை எல்லாம் எழுத்தாக மாற்றிப் பதிவு செய்துகொண்டிருந்தது. எங்கள் விசாரணைக்கு அதுதான் குமாஸ்தா. இதை எங்கே போய்ச் சொல்லி அழ.

"கண்காணி," என்று அவர் திரையைப் பார்த்துச் சொன்னார். "சம்பவ தினம் காலை ஒன்பது பதினைந்துக்கு அந்த நிலையத்தில் விஷமுறிவு மருந்தின் உண்மையான கையிருப்பைச் சொல்."

திரை நீலமாக மாறியது.

'சிக்கல் ஏற்பட்டுள்ளது. சரிசெய்யப்படுகிறது. அணைக்க வேண்டாம். காத்திருக்கவும். பிழை எண் 4417.'

"சார்," என்றேன். "சார், பாருங்க. எங்க அப்பா மொபட் நம்பர் சார் அது."

"இங்கயும் வந்து கைவரிசையைக் காட்டிட்டீங்களா?" சற்குணம் எழுந்துவிட்டார். "விசாரணை நடக்கிற இடத்துல. உங்களுக்கு எவ்வளவு தைரியம் இருக்கணும்."

"நான் இந்த ரூமுக்கே இன்னிக்குத்தான் சார் வரேன். வாசல்ல என் கைப்பேசியைக்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"பதினோரு நிமிஷம் ஆகும்தானே? வந்து பேசிக்கறேன்." டீ சொல்லிவிட்டு வருவதாகக் கதவைத் திறந்துகொண்டு போனார். ஆளுக்குப் பதினோரு நிமிடம் நன்றாகப் பழகியிருந்தது. மங்கை முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண் முப்பதைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.

திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் மாதப்பனின் மனைவி குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். சாட்சி சொல்ல வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. செத்தவனின் மனைவிக்குத் தொழில்நுட்பம் என்ன தெரியும் என்று விட்டிருப்பார்கள். நானும் அவள் முகத்தைப் பார்க்காமல்தான் உள்ளே வந்தேன்.

அவள் எழுந்து கதவருகே வந்து நின்றாள். திரையையே பார்த்தாள்.

"இதுதான்" என்றாள்.

"என்னம்மா?"

"இந்த நீலந்தான். அன்னிக்கு சிஸ்டர் போன்ல வந்துச்சு."

மங்கை கையை எடுத்தாள். நான் குப்பம்மாளிடம் போனேன்.

"சிஸ்டர் போன்லயா? நல்லா பாத்தீங்களாம்மா? போன்லயா?"

"நாந்தான் கையில வச்சிருந்தேன். சிஸ்டர் அவரைப் படுக்க வச்சு, காலை அசைக்காதேன்னு புடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நீ இதைப் பாத்துக்கிட்டே இரு, முடிஞ்சதும் சொல்லுன்னு எங்கிட்ட கொடுத்தாங்க. அணைக்க வேண்டாம்னு போட்டிருந்துச்சு. நான் அணைக்கல."

என் ஸ்க்ரீன்சேவர் கம்ப்யூட்டருக்குச் செய்தது. கைப்பேசியில் அது ஓடாது. அதற்கு நான் எழுதவே இல்லை. நர்ஸின் கைப்பேசிக்கு நீலத்திரையை அனுப்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான், கண்காணி. மூன்று வாரமாக நான் தேடிய அத்தாட்சி காலையிலிருந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சற்குணம் கையில் டீயோடு திரும்பி வந்தார். குப்பம்மாள் நடுவில் நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

"சார், இவங்க சொல்றதைக் கேளுங்க" என்றேன். "தயவுசெஞ்சு இதை மட்டும் கேளுங்க."

குப்பம்மாள் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் எழுபத்து மூன்று வந்து நின்றிருந்தது. விரலால் அதைக் காட்டினாள்.

"அன்னிக்கும் இங்க வந்து நின்னுச்சுங்க. பால் வேன் பக்கத்துலயே நின்னுட்டிருந்துச்சு. ஏத்துங்க, கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், முக்கால் மணி நேரந்தான்னு டிரைவர் சொன்னாரு. இவரும் போலாம்னாரு. நாந்தான் வேணாம்னேன். எழுபத்து மூணு வந்திருச்சு, இன்னும் கொஞ்சந்தான், மருந்து வந்துரும், ஆட்டி அசைச்சா விஷம் ஏறும்னு நாந்தான் சொன்னேன். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நூறு ஆகணும்னு எனக்குத் தெரியும். எழுபத்து மூணுன்னா பக்கத்துலதானேங்க?"

சுவரில் எண் நாற்பத்தொன்றுக்கு இறங்கியது.

"ஆமா, இப்படித்தான் இறங்குச்சு. அப்பவும் பரவால்ல, மறுபடி ஏறும்னேன்."

சற்குணம் டீயை மேஜையில் வைத்தார். மிக மெதுவாக வைத்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக் குப்பம்மாளை அதில் உட்காரச் சொன்னார். பதிவு செய்ய கண்காணி இல்லை. சட்டைப்பையில் பேனா தேடினார். எழுதத் தாள் எதுவும் அகப்படவில்லை. மங்கை தன் கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் அவர் எழுத ஆரம்பித்தார்.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா. எந்த எண்ல நின்னுச்சு?"

"எழுபத்து மூணு."

மங்கை தப்பித்துவிட்டாள். அது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் நிம்மதி வரவில்லை. அந்த எண் ஏறி இறங்குவதை நான் சிரிப்புக்காகத்தான் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து, எழுபத்து மூன்றா எழுபத்தைந்தா என்று கொஞ்ச நேரம் யோசித்து எழுபத்து மூன்று என்று வைத்தேன்.

குப்பம்மாள் என் பக்கம் திரும்பினாள். நான்தான் அதைச் செய்தவன் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்கு இந்தப் பொட்டி சமாச்சாரம் எல்லாம் தெரியுமாமே. நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா அது நூறு ஆகியிருக்குமா?"

அதற்கு நூறு என்று ஒரு எண்ணை நான் எழுதவே இல்லை. சுவரைப் பார்த்தேன். அங்கே நாற்பத்தொன்றிலிருந்து எண் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.